குன்றிமணி வேட்டை

ஒரு கீரி, மலைக்குகையில் இருந்த மிருகங்களின் நூலகத்துக்கு முதன்முதலாக வந்தது. வளையில் அதன் குட்டிகளுக்குச் சொறி பிடித்து, ரோமம் கொத்துக் கொத்தாக உதிர்ந்துகொண்டிருந்தது. அதற்கு மருந்து தேடித்தான் வந்தது.

உள்ளே நுழைந்ததும் வாயைப் பிளந்தது. அம்மாடி! தரையிலிருந்து கூரைவரை ஓலைச்சுவடிகள்!

நூலகத்தைப் பார்த்துக்கொண்ட கரடியிடம் வந்த காரியத்தைச் சொன்னது. கரடி ஒரு சிவப்புக் குன்றிமணியை எடுத்துக் காட்டிச் சிரித்தது. "புதுசா வர்றவங்க எல்லாரும் இப்படித்தான் மலைச்சு நிப்பாங்க. அதனால ஒரு விளையாட்டு வெச்சிருக்கேன். ஒவ்வொரு அடுக்குலயும் இதுமாதிரி ஒரு குன்றிமணி இருக்கு. அங்க இருக்கற சுவடியைப் படிச்சா அடுத்த மணி எங்கேன்னு தெரியும். எல்லாத்தையும் முதல்ல சேர்க்கறவங்களுக்குத் தேனடை!"

கூடவே வந்திருந்த சருகுமான், முதல் சுவடியிலேயே மூழ்கிவிட்டது. கீரிக்கு ஏது பொறுமை? கரடி காட்டிய மணியை முகர்ந்தது. கரடி கைபட்டதால் தேன் வாசம்! அப்புறம் என்ன? மோப்பம் பிடித்தே ஓடி, அத்தனையையும் பொறுக்கிவந்து கொட்டியது.

"நான்தான் ஜெயிச்சேன்!"

கரடி தேனடையைக் கொடுத்தது. "பலே! இனி சொறி மருந்து எந்த அடுக்குல இருக்குன்னு உனக்கே தெரியும். போய் எடுத்துக்க."

கீரி திரும்பிப் பார்த்தது. எங்கும் ஒரே பழைய ஓலை வாசம். மூக்கு கைவிட்டுவிட்டது. குட்டிகளை நினைத்ததும் வெட்கத்தை விட்டுச் சருகுமானிடம் போனது.

"அக்கா, சொறிக்கு மருந்து..."

"அதோ, அந்த மூலை அடுக்கு. அந்தச் சுவடி மேல இருந்த மணியை நீதானே தூக்கிட்டு ஓடினே!"

கீரி சுவடியைப் பிரித்தது. எந்தக் காலத்து நரியோ, தன் குட்டிகளைச் சொறி பிடித்து ஆட்டியதையும், எந்த இலையை அரைத்துப் பூசியது என்பதையும் எழுதிவைத்திருந்தது. முகம் தெரியாத குட்டிகளுக்காக! கீரிக்கு மெய்சிலிர்த்தது. அண்ணாந்து பார்த்தது. இன்னும் இத்தனை சுவடிகளில் யார் யாரெல்லாம் காத்திருக்கிறார்களோ!

தேனடையைச் சருகுமானிடம் கொடுத்துவிட்டு, மருந்தை மனப்பாடம் செய்தது.

"கரடியண்ணே, குட்டிங்களுக்குக் குணமானதும் மறுபடி விளையாட வர்றேன். மணியை எல்லாம் கழுவி வைங்க!"

குறுக்குவழியில் ஜெயித்தவர் கையில் பரிசு இருக்கும், ஆனால் ஆபத்து நேரத்தில் அவருக்கு வழி தெரியாது.