வேப்பமரத்தடி ஓடுகள்

நஞ்சைத் தாமுண்டு அமுதைப் பிறர்க்கீந்த பெருமான் திருவடி முன்னிற்க.

மழை விடாத ஐப்பசி. வாகீசத் தம்பிரான் நனைந்த காவியோடு குருநாதர்முன் வந்து நின்றார். மடத்துக் கிராமத்தில் வரி தண்டுபவரும் அவரே. ஏழை வீடுகளுக்குப் படியரிசி அளப்பவரும் அவரே.

"சுவாமி, சோம்பலுக்கு மருந்துண்டா?"

"யாருக்கு நோய்?"

"சூளையில் வேலை செய்யும் சிலம்பாயிக்கு. கூலியோடு நல்ல ஓடுகளும் கிடைத்திருக்கின்றன. அவற்றை வேப்பமரத்தடியில் அடுக்கிவிட்டு, ஒழுகும் கீற்றின்கீழ்க் காய்ச்சல்காரப் பிள்ளையைக் கிடத்தியிருக்கிறாள்."

"காரணம் கேட்டீரா?"

கேட்கவில்லை. தம்பிரான் மழையில் திரும்பி நடந்தார்.

சிலம்பாயி பிள்ளையின் தலைமாட்டில் சட்டி வைத்து ஒழுகலை ஏந்திக்கொண்டிருந்தாள்.

"ஏனம்மா, ஓடு குஞ்சு பொரிக்குமென்று அடுக்கி வைத்தாயோ?"

"பொரிச்சா அதுக்கும் வரி கேப்பீங்களே, சாமி!"

அவள் சிரிக்கவில்லை.

"ஓடு ஏறுனா கூரைவரி. அன்னைக்கே படியரிசியும் நிக்கும். கீத்துக்குக் கீழே கிடந்தா புள்ளைக்குக் காய்ச்சல். ஓட்டுக்குக் கீழே கிடந்தா கஞ்சி இல்லை. எதைச் செய்யட்டும்? நீங்களே சொல்லுங்க."

தம்பிரான் நிரம்பிய சட்டியை வெளியே கொட்டி வைத்துவிட்டு நடந்தார்.

மடம் திரும்பியவருக்குச் சோறு இறங்கவில்லை. செபத்துக்கு அமர்ந்தார், எழுந்தார், மீண்டும் அமர்ந்தார். கூரையில் விழும் ஒவ்வொரு துளியும் அந்தச் சட்டியில் விழுவதுபோலவே கேட்டது. பொறுக்கமாட்டாமல் குருநாதரிடம் ஓடினார்.

"சுவாமி, அந்த விதி அடியேன் வகுத்தது. அரிசி இல்லாதவர்க்கே சேரவேண்டும் என்றுதான்..."

குருநாதர் எழுந்தார். மழையில் இறங்கி நடந்தார். தம்பிரான் பின்தொடர்ந்தார்.

சிலம்பாயி வீட்டுச் சுவரில் ஏணி சாய்ந்திருந்தது. குருநாதர் வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு ஏறி, அழுகிய கீற்றைப் பிய்த்தெறிந்தார்.

சிலம்பாயி அலறிக்கொண்டு ஓடிவந்தாள். "ஐயோ சாமி, புண்ணியமாப் போகும், இறங்குங்க! எங்க அரிசி போயிரும்!"

குருநாதர் கீழே கை நீட்டினார்.

"தம்பிரானே, ஓடு கொடும்."

தம்பிரான் ஓர் ஓட்டை எடுத்தார்.

"சுவாமி, இதை ஏற்றினால் இவளுக்கு அரிசி நின்றுபோகுமே!"

"நிறுத்துபவர் யார்?"

மழை பெய்துகொண்டிருந்தது. சிலம்பாயி தம்பிரானின் முகத்தையே பார்த்தாள்.

அவர் ஓட்டை மேலே நீட்டினார்.

இதைக் கேட்டார் மனையில் உலை கொதிக்க, கூரை ஒழுகாதிருக்க, சிவம் பெருகுக.