செப்புக் காப்பைக் கழற்றும் முறை

இந்தக் கதையில் ஒரு பெரிய சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது. ஆனால் இப்போது தரமாட்டேன். முதலில் கொஞ்சம் கோபப்படுங்கள், அப்புறம் பார்க்கலாம்.

முன்னொரு காலத்தில் நெடுங்கரை நாட்டை வில்லவராயன் என்றொரு ராஜா ஆண்டார். சேவல் சண்டை என்றால் சோறு வேண்டாம், ஓலையை நீட்டினால் மட்டும் கொட்டாவி வரும். படிக்காமலே முத்திரை வைத்துவிடுவார்.

அந்த அரண்மனையில் வேலைக்குச் சேரும் எல்லோருக்கும் மணிக்கட்டில் ஒரு செப்புக் காப்பு மாட்டுவார்கள். பிரதானி முதல் பெருக்குகிறவர் வரை எல்லோருக்கும்தான். தை பிறந்தால் காப்பில் ஒரு வெட்டு. முப்பது வெட்டு விழுந்தால் ஏரிக்கரையில் இரண்டு வயல், சாகும்வரை உட்கார்ந்து சாப்பிடலாம்.

இதைப் பார்த்து வயிறு எரிந்தவர் பிரதானி உத்தண்டியார். அவ்வப்போது மூக்கால் பேசுவார். “ஙொண்ணாம் தேதி ஙரண்மனைக்கு வா” என்பார். அவர் ஒரு சட்டம் எழுதினார்: ‘வேறு நாட்டு வேலைக்குப் போகிறேன் என்று அரசர் முன் சொல்லி, தன் கையாலேயே காப்பைக் கழற்றித் தட்டில் வைத்தவருக்கு வெட்டுகள் அத்தனையும் ரத்து. வாய் தவறியது, கை தவறியது என்றாலும் செல்லாது.’ அன்றைக்குச் சேவல் சண்டை. ராஜா முத்திரை வைத்துவிட்டார்.

அப்புறம் குணகரை நாட்டிலிருந்து ஓர் ஓலை வந்தது. ‘இதைக் கையில் வைத்திருப்பவருக்கு இங்கே வேலை, இரட்டைக் கூலி.’ பேர் எழுதாத ஓலை! ஒரே ஓலையை வைத்து ஊரையே ஓட்டலாம் இல்லையா? இருபத்தெட்டு, இருபத்தொன்பது வெட்டுக்காரர்களாகப் பார்த்துப் பார்த்து உத்தண்டியார் தூண்டில் போட்டார். அவர்களுக்கு வரவேண்டிய வயல்களெல்லாம் அவருடைய மைத்துனருக்குப் போயின. சங்கிலி ஆசாரி அப்படிப் போனவர்தான். நாலே மாதத்தில் அங்கே விரட்டிவிட்டார்கள். திரும்பி வந்து, “தெரியாம கழட்டிட்டேன், சாமி” என்று காலில் விழுந்தார். உத்தண்டியார் காலை இழுத்துக்கொண்டு, “கழற்றினது கழற்றினதுதான்” என்றார். நாற்பது தேர் செய்த கை இப்போது கோயில் வாசலில் பட்டைச்சோற்றுக்கு நீள்கிறது.

கோபம் வந்ததா? எனக்கு வந்தது. யானை வைத்தியம் பார்க்கும் மாராயிக்கு இன்னும் அதிகமாக வந்தது. அவள் கையில் இருபத்தொன்பது வெட்டு. வீட்டுக்காரருக்கு இரண்டு காலும் முடங்கிவிட்டன. அந்த இரண்டு வயல்தான் மிச்ச வாழ்க்கைக்கு.

தூண்டில் அவளிடமும் வந்தது. ராஜசபையிலேயே வந்தது.

“மாராயீ! இங்கே மாதம் ஐந்து கலம் நெல். அங்கே பத்து!” என்று ஓலையை விசிறினார் உத்தண்டியார்.

“பத்தா! ஆத்தாடி! குடியிருக்க வீடு தருவாங்களா, பிரதானி ஐயா?”

“வாடகைக்குக் கிடைக்கும்.”

“எவ்வளவு?”

“மூன்று கலம்தான்.”

“குடிக்கத் தண்ணி?”

“உப்புக்காற்று ஊர் பார். தண்ணீர் விலைக்கு வரும். மாதம் இரண்டு கலம்.”

“அப்ப அஞ்சு போச்சு, அஞ்சு நின்னுச்சு. இங்கேயும் அதே அஞ்சுதானே, ஐயா?”

சபையில் யாரோ தும்முவதுபோல் சிரித்தார்கள். உத்தண்டியார் முறைத்தார்.

“என் வீட்டுக்காரருக்கு நடக்க முடியாது. மூணு நாள் வழி.”

“வண்டி உண்டு! வாசலிலேயே நிற்கும், கட்டுச்சோற்றோடு!”

“கிழவியாகி, யானைக் காலைத் தூக்க முடியாத காலத்துல? அங்க வயல் உண்டா?”

“அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம். இப்போதே கிழவியாகிவிட்டாயா?”

ராஜா கொட்டாவியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மாராயி குரலைக் குழைத்தாள். “நீங்களா இருந்தா போவீங்களா, ஐயா?”

“நானா? இந்த நிமிடமே போவேன்! மகாராஜா சாட்சியாகச் சொல்கிறேன், போகிறேன்!”

“இவ்வளவு பெரியவங்களே சொல்றப்ப எனக்கென்ன” என்று மாராயி காப்பில் கை வைத்தாள். வெள்ளித் தட்டு வந்தது, பக்கத்திலேயே சேகண்டியைத் தூக்கிக்கொண்டு சேகண்டிக்காரரும் வந்து நின்றார். இழுத்தாள். முழங்கைப் பக்கமாக இழுத்தாள். முறுக்கினாள். “வரலையே! ஒருநாளும் கழட்டினதில்லை. நீங்க கொஞ்சம் இழுங்களேன்.”

“சட்டம் தெரியாதா? ஙுன் கையால்தான் கழற்ற வேண்டும்! ஙந்தப் பக்கம் இல்லை!”

“இப்படியா?”

“இல்லை!”

“இப்படியா, ஐயா?”

“யானைக்கூட்டத்தோடு பழகி மூளையும்... இங்கே பார்! கட்டைவிரலை உள்ளே மடக்கு. கையைக் குவி. இழு. தட்டில் வை. ஙவ்வளவுதான்!”

ணங்!

அடுத்த நொடி, டொய்ங்! சேகண்டி முழங்கியது.

“யோவ்! உன்னை யார் அடிக்கச் சொன்னது?” என்று கத்தினார் உத்தண்டியார்.

“தட்டுல காப்பு விழுந்தா அடிக்கணும், ஐயா. யாரு காப்புன்னு பாக்கறது என் வேலை இல்ல” என்றார் சேகண்டிக்காரர்.

மாராயி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். “பாத்துக்கிட்டேன், ஐயா. ஆனா நான் போகலை.”

ராஜா தட்டைப் பார்த்தார். ஓலையைப் பார்த்தார். அது யார் கையில் இருக்கிறது என்றும் பார்த்தார். மெதுவாக எழுந்தார். “சங்கிலி ஆசாரியைக் கூட்டி வாருங்கள். படிக்காமல் முத்திரை வைத்ததற்கு அவரிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவர் காப்பும் வயலும் அவருக்கே. இவள் காப்பில் முப்பதாவது வெட்டை அவரே போடட்டும். மைத்துனர் கையிலிருக்கும் மற்ற வயல்களையும் உரியவர்களுக்குக் கொடுங்கள்.”

“மகாராஜா, சட்டப்படி...”

“சட்டப்படிதான், உத்தண்டியாரே.”

வாசலில் மாட்டுச் சலங்கை கேட்டது. வண்டிக்காரர் கட்டுச்சோற்று மூட்டையை ஏற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். “குணகரைக்குப் போறவங்க யாருங்க? வெயிலுக்கு முன்னே கிளம்பணும்.”

“அதுதான் போகவில்லை என்கிறாளே! அப்புறம் வண்டி யாருக்காம்?” என்று சீறினார் உத்தண்டியார்.

எல்லோரும் அவர் கையையே பார்த்தார்கள். அவரும் குனிந்து பார்த்தார். ஒரு கையில் பேர் எழுதாத ஓலை. இன்னொரு கையின் மணிக்கட்டில், இருபத்தெட்டு வருடமாக வெயில் படாத வெள்ளை வளையம்.

“ஙய்யய்யோ!”