ஆடு உயரக் கொட்டகை

தாழையூர் அரசர் பராக்கிரம பூபதிக்குத் திடீரென்று தோட்டப் பித்துப் பிடித்துக்கொண்டது. வாள் பிடித்த கையில் மண்வெட்டி ஏறியது. அரண்மனைக் கொல்லையில் கத்தரியும் வெண்டையும் பூசணியும் செழித்தன. சாமான்களை வைக்கத்தான் இடமில்லை. கடப்பாரை ஆயுதசாலையில் கிடந்தது. ஏணி சிம்மாசனத்தின் மேல் சாய்ந்திருந்தது. ஒருநாள் பக்கத்து நாட்டுத் தூதர், ஆசனம் என்று நினைத்து எருக்கூடையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அரசி வடிவுடைநாச்சி அதற்குமேல் பொறுக்கவில்லை.

"கொல்லையில் ஒரு கொட்டகை வாங்கிப் போடுங்கள். ஆனால் ஒன்று. என் சாளரத்திலிருந்து பார்த்தால் அல்லிக்குளம் தெரிய வேண்டும். அதை மறைத்தீர்களோ, நான் என் அப்பா வீட்டுக்குப் போய்விடுவேன்."

மறுநாள் சபையில் அரசர் நெற்றியைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தார். "என் ஏணி உள்ளே நிமிர்ந்து நிற்க வேண்டும். வைக்கோல் வண்டி நுழைய வேண்டும். அரசிக்கோ குளம் மறையக்கூடாது. எந்தக் கொட்டகையை வாங்குவது?"

அரண்மனைச் சாமான்களுக்கெல்லாம் பொறுப்பு உக்கிராண அதிகாரி சங்கரமூர்த்தி. அவருடைய மைத்துனன் வயிரவன் கடைத்தெருவில் கொட்டகை விற்பவன். முதல் நாளே அவன் கல்யாண மண்டபம் மாதிரி ஒரு தேக்குக் கொட்டகையைக் காட்டியிருந்தான். அரசி அதைப் பார்த்ததுமே பெட்டி கட்டச் சொல்லிவிட்டாள். வியாபாரம் போன ஆத்திரம் சங்கரமூர்த்திக்கு. அதோடு, அரசர் எதற்கெடுத்தாலும் சபையின் விகடகவி கூத்தபிரானிடமே யோசனை கேட்கிறார் என்ற பழைய எரிச்சலும் சேர்ந்துகொண்டது.

"பிரபு, இதற்குக் கூத்தபிரான் இருக்கிறாரே!" என்று குழைந்தார். "வெளியே ஆடு உயரம், உள்ளே யானை உயரம். அப்படி ஒரு கொட்டகையை அவர் வாங்கி வரட்டும். முடியாவிட்டால் அறிவாளி என்று சொல்லிக்கொண்டு இந்தச் சபையில் உட்காரக்கூடாது."

தண்ணீரில் தத்தளித்தவருக்குக் கட்டை கிடைத்த மாதிரி அரசர் நிமிர்ந்தார். "சபாஷ்! கூத்தபிரானே, பௌர்ணமிக்குள் கொட்டகை வந்தாக வேண்டும். இல்லையென்றால் உமது ஆசனம் சங்கரமூர்த்திக்கு."

கூத்தபிரான் கும்பிட்டுவிட்டு நேரே கொல்லைக்குப் போனார். யோசித்தபடியே நடந்தார். பூசணிக்கொடிப் படர்வில் கால் வைத்தார். அடுத்த கணம் ஆளைக் காணோம்! கொடியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே கீழே எட்டிப் பார்த்தவர், வலியை மறந்து சிரித்தார். பிறகு மெல்லக் கரையேறிக் கடைத்தெருவுக்கு நடந்தார்.

வயிரவன் கேலியாக வரவேற்றான். "வாரும் கவியே! எப்படிப்பட்ட கொட்டகை வேண்டும்?"

"அகலமான கூரை வேண்டும். கால் குட்டையாக இருக்கட்டும். சுவரே வேண்டாம்."

"சுவர் இல்லாமலா? கூரையை என்ன, தலையிலா கவிழ்த்துக்கொள்ளப் போகிறீர்?"

"தலை தப்புவதற்குத்தானே வாங்குகிறேன்."

இத்தோடு இந்த ஆள் தொலைந்தான் என்ற மகிழ்ச்சியில், வயிரவன் நல்ல சவுக்குக் கழியாகப் பொறுக்கி, கீற்றும் புதிதாக வேய்ந்து அனுப்பினான்.

பௌர்ணமியன்று காலையில் அரசி சாளரத்தில் நின்றாள். "குளம் தெரிகிறது, அல்லியும் தெரிகிறது. கொட்டகை எங்கே?"

அவள் கேட்டு வாய் மூடுவதற்குள், சங்கரமூர்த்தி சோதனைக்கென்று கொண்டுவந்த ஆடு ஒரே தாவில் கூரைமேல் ஏறிக் கீற்றைக் கடித்தது.

"வெளியே ஆடு உயரம்தான். ஒப்புக்கொள்கிறேன்," என்றார் சங்கரமூர்த்தி. "உள்ளே? பாகா, யானையைக் கொண்டு வா!"

கிழ யானை அசைந்து அசைந்து வந்தது. கூத்தபிரான் மறுபக்கத்துப் பூசணிக்கொடியை விலக்கினார். அங்கே கற்சரிவு ஒன்று இறங்கியது. அரசரின் பாட்டனார் காலத்தில் யானைகளைக் குளிப்பாட்டிய ஆழமான கல்தொட்டி. யானைகளை ஆற்றுக்கு ஓட்டிப் போகத் தொடங்கியபின் காய்ந்து, கொடி மூடிக் கிடந்தது. கூரை அதன்மேல் உட்கார்ந்திருந்தது. யானை தலை நிமிர்ந்தபடியே உள்ளே இறங்கிப் போனது. பின்னாலேயே அரசர் ஓடினார். ஏணியை நிமிர்த்திப் பார்த்தார். நின்றது!

"மழை பெய்தால்?" சங்கரமூர்த்தி விடவில்லை.

"குளிப்பாட்டிய தண்ணீர் வெளியேற அன்றே கால்வாய் வெட்டியிருக்கிறார்கள். நேற்றுத்தான் தூர் வாரினேன்."

அதற்குள் உள்ளே தொம்மென்று சத்தம். பழைய தொட்டியை அடையாளம் கண்டுகொண்ட யானை, குளியல் என்று நினைத்து ஒருக்களித்துப் படுத்துவிட்டது. பாகன் கெஞ்சினான், கரும்பு காட்டினான். அசையவில்லை.

அரசர் திரும்பினார். "சங்கரமூர்த்தி, அழைத்து வந்தது நீர். குளிப்பாட்டி அனுப்பும்."

உக்கிராண அதிகாரி பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குடத்தைத் தூக்கினார். சாளரத்தில் அரசி சிரித்த சிரிப்பு குளக்கரை வரை கேட்டது.

"கூத்தபிரானே, உம் ஆசனம் உமக்கே. பரிசாக என்ன வேண்டும்?" என்றார் அரசர்.

"எனக்கும் ஒரு கொட்டகை போதும், அரசே."

"உமக்குக் கொல்லையே கிடையாதே! எங்கே போடுவீர்?"

கூத்தபிரான் மேல்துண்டை இரு கைகளாலும் விரித்துப் பிடித்தார். "இதில்தான். பொற்காசைக் கொட்டக் கை வேண்டும். அதுவும் தங்கள் கையாக இருந்தால் உத்தமம்."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே இரு கையாலும் காசை அள்ளிக் கொட்டினார். சட்டென்று நிறுத்தினார்.

"ஓய், கொட்டகைக்கு நடுவில் ஒரு 'க்' அதிகமாக விழுந்துவிட்டதே!"

"அதனாலென்ன, அரசே? அந்த எழுத்துக்கும் சேர்த்து இன்னொரு கை போடுங்கள்!"