மண்ணுக்குள் ஒரு வழக்கு

கங்கைகொண்ட சோழபுரத்தில் இன்றைக்குக் கோயில்தான் நிற்கிறது. ராஜாக்கள் இருந்து ஆண்ட நகரம் சோளக் கொல்லைகளுக்கு அடியில் கிடக்கிறது.

அப்படி ஒரு கொல்லையில், ஒரு முழ அகல நிலத்துக்காகக் கொளஞ்சிநாதனும் அவர் தம்பியும் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். நடுவில் எல்லைக்கல் நடக் குழி வெட்டியாகிவிட்டது. “அந்தக் கல்லை நட்டா, உன் சாவுக்குக்கூட வரமாட்டேன்” என்று தம்பி சொல்லிவிட்டான்.

கொளஞ்சிநாதன் தம் குருவான தாண்டவ சாமியிடம் போனார்.

“நியாயம் என் பக்கம் சாமி. கல்லை நடலாமா?”

“ஒரு முழந்தானே? அதுல படுக்கக்கூட முடியாதே கொளஞ்சி.”

“ஒருக்களிச்சுப் படுத்துக்குறேன். விட்டுக்குடுக்க மாட்டேன் சாமி.”

சாமிக்குச் சிரிப்பு வந்தது. “வெட்டுறதுக்கு முன்னாடி மண்ணுகிட்ட கேட்டியா?”

அந்தப் பக்கத்தில் அது ஒரு வழக்கம். கீழே ஜனங்கள் வாழ்ந்த வீதி அல்லவா? மண்ணைத் தொட்டு, “வெட்டலாமா?” என்று கேட்டு, காதை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மண்வெட்டியைத் தூக்குவார்கள்.

“அதெல்லாம் அந்தக் காலத்து ஆளுங்க செய்றது சாமி.”

“வா. இப்பவாச்சும் கேப்போம்.”

கொல்லைக்கு வந்தபோது உச்சிவெயில். சோளத் தட்டை ஒன்றுகூட அசையவில்லை. குழியின் அடியில் பழைய செங்கல் தெரிந்தது. கொளஞ்சிநாதன் அதைத் தொட்டார். அந்த வெயிலிலும் ஜில்லென்று இருந்தது.

“வெட்டலாமா?” என்று கேட்டுவிட்டுக் காதை வைத்தார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு, ஆழமான கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இரண்டு ஆண் குரல்கள்.

“இதுவரைக்கும் என்னுது அண்ணா.”

“இல்லைடா. அங்கவரைக்கும் என்னுது.”

மறுபடியும் அதே பேச்சு. கோபம்கூட இல்லை. யாரோ மாவரைக்கிற மாதிரி அது பாட்டுக்கு நடந்துகொண்டே இருந்தது.

கொளஞ்சிநாதன் தலையைத் தூக்கினார்.

“சாமி, கீழ ரெண்டு பேரு வழக்காடுறாங்க. அண்ணன் தம்பி.”

“ம்.”

“எந்த ராஜா காலத்து ஆளுங்க சாமி?”

சாமி குழியின் ஓரத்தில் குந்தினார். குரலை உயர்த்தாமல் கேட்டார்.

“அது கெடக்கட்டும். யாரு பக்கம் ஜெயிக்குதுன்னு கேட்டுச்சா?”