வராதவர்களுக்கான பக்கம்

சென்னியப்பன் தன் ஆசிரியரை விட இருபத்தைந்து வயது மூத்தவர். ரயில் டிக்கெட் முன்பதிவுக் கவுண்டரில் இருபத்தாறு வருடம் உட்கார்ந்து, விருப்ப ஓய்வு வாங்கி, ஐம்பத்து நான்காம் வயதில் மொபைல் ஆப் வடிவமைக்கக் கற்றுக்கொண்டார். ஐந்து கம்பெனிகள் அவர் வயதைப் பார்த்ததும் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டன. கோகிலவாணி ஒருவர்தான் உள்ளே கூப்பிட்டு வேலை கற்றுக்கொடுத்தார்.

அந்த நன்றி சென்னியப்பனுக்கு எப்போதும் உண்டு. "மேடம்" என்று எழுந்து நின்றுதான் பேசுவார். உட்காரச் சொன்னால் பாதி நாற்காலியில் உட்காருவார்.

அவருக்குக் கிடைத்த முதல் வேலை, கோவையில் பெனாசிர் என்ற பெண் நடத்தும் உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஒரு ஆப். யோகா, ஜும்பா, முதுகுவலிக்காரர்களுக்குத் தனி வகுப்பு என்று எல்லாம் உண்டு. வகுப்புக்கு இருபது பேர். போனிலேயே இடம் பிடித்துக்கொள்ளலாம்.

ஆப் வந்து இரண்டு மாதம் ஆயிற்று. போனில் இடங்கள் நிரம்பின; கூடம் நிரம்பவில்லை. பதிவு செய்தவர்களில் பாதிப் பேர் வருவதே இல்லை.

"இந்த மாசக் கடைசி வரைக்கும் பாக்கறேன். அப்பறம் பழையபடி நோட்டுதான்" என்று பெனாசிர் சொல்லிவிட்டார். ஆப் போனால் சென்னியப்பனின் வேலையும் போகும். சேரும்போதே அப்படித்தான் பேச்சு.

சென்னியப்பன் ஆசிரியரிடம் போனார்.

"மேடம், இடம் புடிச்சுட்டு வராம இருக்கறவங்கள என்ன பண்றதுங்க?"

"இப்ப என்ன பண்றீங்க?"

"மூணு நாள் வரலைன்னா பேரைப் பூட்டிருதுங்க. இனி ஒரே நாள்ல பூட்டிரலாமான்னு யோசிக்கறேன்."

கோகிலவாணி அவருடைய போனை வாங்கினார். காலை ஆறு மணி வகுப்பில் பத்து நாளைக்கு அவர் பெயரைப் பதிந்து திருப்பிக் கொடுத்தார்.

"போய்ட்டு வாங்க."

"நான் எதுக்குங்க மேடம்? நான் ஆப் பண்றவன்."

"அதுக்குத்தான்."

இரண்டு நாள் போனார். குனிந்தால் நிமிர முடியவில்லை, நிமிர்ந்தால் குனிய முடியவில்லை. மூன்றாம் நாள் காலையில் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைக்கவே பயமாக இருந்தது. ஒரு கேள்வி கேட்கப் போய், வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமே என்று நொந்துகொண்டார்.

இன்று வரவில்லை என்று சொல்லிவிடலாம் என போனை எடுத்தார். அதற்கு ஒரு பக்கம் இருந்தது. வைத்தவர் அவரேதான். பெயர், வயது, பதிவு எண், காரணம். படிவம் என்றால் ஒரு கட்டமும் காலியாக இருக்கக் கூடாது என்பது கவுண்டரில் ஊறிய பழக்கம். காரணம் எழுதாமல் அந்தப் பக்கம் நகராது.

'தொடை வலி' என்று எழுதி அழித்தார். 'அவசர வேலை' என்று எழுதினார். பொய் என்று அதையும் அழித்தார். வெட்கமாக இருந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

நான்காம் நாளும் அப்படியே போனது. ஐந்தாம் நாளும் போகவில்லை; போன் திரை சிவப்பானது.

'நீங்கள் மூன்று வகுப்புகளுக்கு வரவில்லை. உங்கள் பெயர் முடக்கப்பட்டுள்ளது. நேரில் வந்து விளக்கம் தரவும்.'

ஒவ்வொரு எழுத்தும் அவர் எழுதியது. தன் கையே தன் கண்ணைக் குத்துவது என்பார்களே, அதுதான். வலி இருந்தவர்கள், காய்ச்சலில் கிடந்தவர்கள், வீட்டில் ஒரு துக்கம் நடந்தவர்கள் என்று எத்தனை பேர் இதைப் படித்திருப்பார்கள் என நினைத்துப் பார்த்தார்.

ஆறாம் நாள் கிளம்பிப் போனார். போனாரே தவிர உள்ளே நுழையவில்லை. என்ன விளக்கம் சொல்வதென்று தெரியாமல், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றார்.

உள்ளே இருபது இடத்தில் ஒன்பது பேர். பெனாசிர் திரும்பிப் பார்த்தார். யாருடைய ஆப்பால் தன் கூடம் காலியானதோ அந்த மனிதர் எதிரே நிற்கிறார். நாலு வார்த்தை கேட்டிருந்தால் நியாயம்தான். ஆனால் பெனாசிர் மூலையில் சுருட்டி வைத்திருந்த பாய்களில் ஒன்றை எடுத்து, கடைசி வரிசையில் சுவரோரமாக விரித்தார்.

"வாங்க சார். சுவத்தப் புடிச்சுட்டு செய்யுங்க, முட்டிக்கு லேசா இருக்கும்."

அவ்வளவுதான். மற்றவர்கள் கையைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார்கள். சென்னியப்பனும் தூக்கி இறக்கினார். நடுவில் இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டார். வியர்வை என்றுதான் பக்கத்தில் இருந்தவர் நினைத்திருப்பார்.

அங்கிருந்து நேராக ஆபீஸ். ஆசிரியர் முன்னால் போய் நின்றார்.

"கையெடுத்துக் கும்பிடறேனுங்க மேடம். போய்ட்டு வான்னு அனுப்பி வெச்சீங்களே."

"உக்காருங்க சார். என்ன மாத்தப் போறீங்க?"

"காரணம் கேக்கற பக்கத்த எடுத்தர்றேனுங்க. 'இன்னைக்கு வரல'ன்னு ஒரே ஒரு பட்டன். தொட்டா அந்த எடம் காத்திருக்கற அடுத்த ஆளுக்குப் போயிரும்."

"சரி."

"பூட்டறதையும் எடுத்தர்றேன்."

"சரி."

"அந்தச் செவப்புப் பக்கத்துல என்ன எழுதறதுன்னுதான் தெரியலைங்க. மூணு நாள் வராதவங்களுக்கு என்னன்னு சொல்றது?"

"பெனாசிர் உங்ககிட்ட என்ன கேட்டாங்க?"

"ஒண்ணுமே கேக்கலைங்க. வயசானவனுக்கு நீங்க வேலை குடுத்தீங்க. அவங்க என்னடான்னா வாசல்ல நின்னவன உள்ள கூப்பிட்டாங்க. உங்க ரெண்டு பேருக்கும் இந்த நன்றிக்கடன எப்படித் தீர்ப்பேன்னே தெரியல மேடம்."

கோகிலவாணி தன் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பினார். பெயர் முடக்கப்பட்டவர்களின் பட்டியல் அதில் இருந்தது.

"முப்பத்தோரு பேரு இன்னும் வாசல்லயே நிக்கறாங்க சார். போய்ப் பாயை விரிங்க."