குளத்தை மறந்த போஜன்

ஊட்டிப் பக்கம் ஒரு கோல்ஃப் மைதானத்துக்கு மனசைப் பழக்குகிற மாஸ்டர் ஒருத்தர் வந்தார், ஜெயகரன் என்று. "ஆட்டம் கையிலே இல்லை, மனசிலே இருக்கு" என்று மெம்பர்களைக் கூட்டிவைத்துச் சொல்வார். சொல்லிவிட்டு அடித்தால் பந்து நேரே எதிரே இருக்கிற குளத்தில் போய் விழும்.

அன்றைக்கும் விழுந்தது. பழி, பை தூக்கி வந்த போஜன் தலையில்.

"குளத்தையே நினைச்சுக்கிட்டு நிக்கிறே, அதான் என் மனசும் கெடுது. இப்பவே குளத்தை மற! இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே!"

"என் மனசு நான் சொல்லிக் கேட்டதே இல்லீங்க ஐயா. ஒத்தை டீக்குன்னு கடைக்குப் போவேன், அது நாலு போண்டாவைத் தின்னுட்டுத்தான் எழுந்திரிக்கும். ஐயா சொல்லியாவது கேக்குதான்னு பாக்கிறேன்."

கண்ணை மூடித் திறந்தான். "மறந்தாச்சுங்க."

மாஸ்டர் கையை நீட்டினார். "பழைய பந்தைக் குடு."

போஜன் பளபளக்கிற புதுப் பந்தை வைத்தான்.

"பழசைக் கேட்டேன்டா!"

"தண்ணியிலே போனா போகட்டும்னுதானுங்களே பழசு? இங்கேதான் குளமே இல்லீங்களே!"

மெம்பர்கள் சிரித்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் மாஸ்டர் புதுப் பந்தையே அடித்தார். அதுவும் குளத்துக்குள் போனது.

"இறங்கி எடுடா!"

போஜன் நாலு பக்கமும் பார்த்தான். "எதிலே இறங்கணும்ங்க ஐயா? வேணும்னா நினைச்சுப் பாக்கிறேன். ஆனா வேலை போயிடுமே!"

மெம்பர்கள் விட்ட சிரிப்புக்கு நடுவே மாஸ்டரே பேண்டை மடித்துக்கொண்டு இறங்கினார்.

போஜன் ஒத்தை டீ குடிக்கக் கடைக்குப் போனான்.