வசம்பு கட்டிக்கொண்ட ராஜா

ஏரி நிறைய மீனும் ஊர் நிறைய வம்பும் இருந்த தேன்குளத்துச் சீமையை ரொம்ப காலத்துக்கு முன்னால் அழகர்வேல் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். போரில் புலி. மகன் திருமாறனிடம் மட்டும் வெண்ணெயாய் உருகிவிடுவார். தாயில்லாப் பிள்ளையாயிற்றே என்று அவனை ஒருநாளும் அதட்டியதில்லை.

பிள்ளைக்கோ பதினாறு வயது, மீசை அரும்பிவிட்டது. சலவைத்துறையில் காய்ந்த துணிகளை ஆற்றோடு விட்டான். கோயில் யானையின் மணியை அறுத்து நாய்க்குக் கட்டினான். யார் வந்து முறையிட்டாலும் ராஜா சிரித்துக்கொண்டே, "குழந்தைதானே, விடுங்கள்" என்பார். அதையே தீர்ப்பென்று ஓலையில் எழுதி முத்திரையும் வைப்பார்கள். பக்கத்தில் நின்று தலையாட்ட ஏகாம்பரநாதர் என்ற அரண்மனை அதிகாரி இருந்தார். மந்திரி பதவிமேல் அவருக்கு வெகுநாளாய் ஒரு கண்.

ஒருநாள் இளவரசன் குயத்தெருவில் குதிரையை விரட்டியதில் வெள்ளையம்மாள் என்ற குயவப் பெண்ணின் கால் முறிந்தது. அவளைக் கட்டிலோடு சபைக்குத் தூக்கிவந்தார்கள். அன்றும் அதே ஓலை, அதே முத்திரை. மந்திரி சொக்கேசர் அந்த ஓலையையும் வாங்கி, பழைய ஓலைகளோடு சேர்த்துக் கட்டிவைத்தார். அடுத்த மாதம் இளவரசுப் பட்டமும் சேனையும் இந்தப் பையன் கைக்குத்தான் போகப்போகின்றன. இன்றைக்குக் கால், நாளைக்கு யாருடைய கழுத்தோ?

பட்டம் கட்டும் நாளில் உடைவாளைத் தட்டில் ஏந்தி வருவது மந்திரியின் வேலை. சொக்கேசர் பட்டுத்துணியை விலக்கினார். உள்ளே வாள் இல்லை. ஒரு கிலுகிலுப்பையும், கைக்குழந்தைக்குக் கட்டும் வசம்பு வளையலும் இருந்தன.

ஏகாம்பரநாதர் துள்ளி எழுந்தார். வாளெடுக்கும் ஆண்மகனைப் பச்சைக்குழந்தை என்று இழிவு செய்தவரின் தலை உருள வேண்டும் என்றார்.

"சொக்கேசரே, உமக்கு அவ்வளவு கொழுப்பா? பதினாறு வயதுக்காரன் குழந்தையா?" என்றார் ராஜா.

மந்திரி மடியிலிருந்து ஓலைக்கட்டை எடுத்தார். "நான் சொல்லவில்லை, மகாராஜா. பன்னிரண்டு ஓலை, பன்னிரண்டிலும் தங்கள் முத்திரை. குழந்தை கையில் வாளைக் கொடுக்க எனக்குப் பயமாக இருக்கிறது. குழந்தை இல்லை என்றால் சொல்லுங்கள். வாள் வாசலில் இருக்கிறது. வெள்ளையம்மாளும் வாசலில்தான் இருக்கிறாள்."

இளவரசனின் காது சிவந்தது. ராஜா தட்டிலிருந்த வளையலைத் தொட்டுப் பார்த்துக் கேட்டார்:

"வசம்புக்கு நம் பக்கம் இன்னொரு பெயர் உண்டல்லவா?"

"பிள்ளை வளர்ப்பான், மகாராஜா."

"அப்படியானால் இது அவன் கைக்கு இல்லை. என் கைக்கு" என்று சொல்லி, ராஜா கையை நீட்டினார். வளையல் சின்னது. நூலை அவிழ்த்து மந்திரியே கட்டிவிட்டார்.

பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. அதுவரை, ராஜாவின் புதுத் தீர்ப்புப்படி, இளவரசன் வெள்ளையம்மாளுக்கு மண் மிதித்தான். முதல் வாரம் முனகினான், பிறகு பானை வனையவே கற்றுக்கொண்டான். கிலுகிலுப்பை ஏகாம்பரநாதருக்குப் பரிசாகப் போனது, தலையாட்டும்போது தாளம் போட்டுக்கொள்ளட்டும் என்று.

வாள் வாங்கிய அன்று திருமாறன் முதலில் மந்திரியின் காலில் விழுந்தான். அப்புறம் தகப்பனாரின் கையைப் பிடித்து, "அப்பா, அன்றைக்கு நீங்கள் இதைக் கட்டிக்கொண்டீர்களே, அதனால்தான் நான் மனிதனானேன்" என்றான்.

பின்னாளில் அவனுக்கும் ஒரு பிள்ளை பிறந்தது. தொட்டிலுக்கு வசம்பு கொண்டுவந்தவர்களிடம் திருமாறன் இரண்டு வளையல் கேட்டு வாங்கினானாம். ஒன்று பிள்ளைக்கு, மற்றது தனக்கு.